இரண்டு குறி, ஒரு கோடு: ஹூக்ளி ஆற்றில் வழி கண்டவர்கள்

(எபிசோடின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

இன்றைக்கு ஒரு ஆற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். நம்ம ஊர் ஆறு இல்லை, வங்காளத்தில் இருக்கிற ஹூக்ளி. ஆனால் நான் ஆரம்பிக்கப் போவது எங்க ஊர் ஆற்றிலிருந்துதான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் ஒடுகத்தூர். வேலூர் மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். ஊரை ஒட்டி உத்திர காவிரி ஓடிப் போய்ப் பாலாற்றில் சேருகிறது. 'ஓடி' என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணல். நாங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிய இடம். மழைக்காலத்தில் மட்டும் திடீரென்று ஒரு ராத்திரியில் தண்ணீர் வந்துவிடும். அப்போது அக்கரைக்குப் போகலாமா, கூடாதா என்பதற்கு எங்க தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கரையோரமாக ஒரு பெரிய பாறை. எங்க வீட்டில் அதற்கு ஆனைக்கல் என்று பேர். கல்லின் தோள் வரைக்கும் தண்ணீர் வரவில்லை என்றால் ஆற்றில் இடுப்பளவுதான், இறங்கலாம். தோள் நனைந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பு. அவ்வளவுதான் எங்க குடும்பத்தின் மொத்த நீர்வழி சாஸ்திரமும். அந்தக் கல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வரும்.

எங்க சித்தப்பா தோல் வியாபாரத்தில் இருந்தவர். ஆம்பூர், பேரணாம்பட்டு டேனரிகளுக்கு வெளியூரிலிருந்து பச்சைத்தோல் வாங்கிக் கொடுப்பார். அதற்காக அடிக்கடி கல்கத்தா போவார். 2019-ல் நானும் ஒரு தடவை கூடவே ஒட்டிக்கொண்டு போனேன். அவருடைய வேலை முடிந்த சாயங்காலம், பாபுகாட் படித்துறையில் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஹூக்ளி. ஆகாயத்தாமரைக் கொத்துகள் கூட்டம் கூட்டமாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா இது? கடலு அந்தப் பக்கம்தானே இருக்குது? தண்ணி இந்தப் பக்கம் போவுது?"

நான் மொபைலை எடுத்து மேப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கடல் தெற்கே, 100 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கிறது. தாமரைக் கொத்தெல்லாம் வடக்கே போகிறது. ஆறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மணல் ஆற்றுக்காரங்க ரெண்டு பேர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து டீக்கடைக்காரருக்குச் சிரிப்பு.

விஷயம் ரொம்ப எளிது. கடல் ஒரு நாளில் இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வற்றும். புத்தகத் தமிழில் ஓதம் என்பார்கள். கடல் ஏறும்போது ஆற்றின் வாயில் தண்ணீர் உள்ளே தள்ளப்படுகிறது. நிலம் தட்டையாக இருந்தால் அந்தத் தள்ளல் வெகுதூரம் போகும். ஹூக்ளியில் கல்கத்தாவைத் தாண்டியும் போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் அது சும்மா ஏறாது, ஒரு சுவர் மாதிரி அலையாக உள்ளே வரும். வங்காளிகள் அதை 'பான்' என்கிறார்கள். பான் வருகிறது என்று குரல் கேட்டால் கரையில் கட்டியிருக்கும் சின்னப் படகெல்லாம் அவசர அவசரமாக நடு ஆற்றுக்குப் போய்விடும். கரையில் இருந்தால் மோதி உடையும், ஆழத்தில் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும்.

சரி, இப்போ வரலாறு. ஒரு நகரத்தையே இப்படிப்பட்ட ஆற்றின் மேலே, கடலுக்கு இவ்வளவு தூரத்தில், ஏன் கட்டினார்கள்? அதைவிட முக்கியமான கேள்வி, கப்பல்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தன?

முதலில் வரவே இல்லை. 1600களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்கள் ஒரிசாக் கடற்கரையில் பாலசோருக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றுவிடும். சரக்கைச் சின்னப் படகுகளில் மாற்றி ஆற்றில் ஏற்றுவார்கள். பெரிய கப்பலை உள்ளே கொண்டுபோக கேப்டன்களுக்குப் பயம். ஆற்றின் வாயில் இருக்கும் மணல்திட்டுகள் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இடம் மாறின. லண்டன் முதலாளிகளுக்கு இந்தப் படகுச் செலவு உறுத்தியது. 1660களின் கடைசியில், ஆற்றை அளந்து படம் போடு, பையன்களை வைத்துப் பழக்கு என்று உத்தரவு போட்டார்கள். பிற்காலத்தில் வங்காள பைலட் சர்வீஸ் என்று பேர்பெற்ற அமைப்புக்கு அதுதான் வேர். இந்த எபிசோடு முழுக்க நான் பைலட் என்று சொன்னால் விமானம் ஓட்டுகிறவர் இல்லை. அந்த வார்த்தை முதலில் கப்பலுக்கு வழி சொன்னவருடையது. ஆகாயத்துக்கு அது பிறகுதான் போனது.

1679-ல் ஃபால்கன் என்ற கம்பெனிக் கப்பல் ஸ்டாஃபோர்டு என்ற கேப்டனின் கீழ் ஹூக்ளிக்குள் ஏறி வந்தது. இதோடு ஒட்டிய ஒரு கதையைக் கல்கத்தாவில் இன்றும் சொல்கிறார்கள். கேப்டன் கரையிலிருந்த வணிகர்களுக்கு ஆளனுப்பி, "ஒரு துபாஷ் வேண்டும்" என்று கேட்டாராம். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். மதராஸில் அப்போது புழங்கிய வார்த்தை. வங்காளத்தில் யாருக்கும் அது புரியவில்லை. 'தோபா' என்று காதில் விழுந்திருக்கிறது. தோபா என்றால் சலவைத் தொழிலாளி. வெள்ளைக்காரனுக்குத் துணி துவைக்க ஆள் வேண்டும் போல என்று ரத்தன் சர்க்கார் என்ற சலவைத் தொழிலாளியை அனுப்பிவிட்டார்கள். அவர் புத்திசாலி, சீக்கிரமே மொழியைப் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே துபாஷ் ஆகி, பெரிய பணக்காரராகவும் ஆகிவிட்டார் என்று கதை முடியும். எவ்வளவு நிஜம், எவ்வளவு ரீல் என்று தெரியாது. ஆனால் அவர் பேரில் கல்கத்தாவில் ஒரு தெரு இருக்கிறது.

இப்போது நீங்கள் மதராஸிலிருந்து வங்காளத்துக்குப் பாய்மரக் கப்பலில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிபிஎஸ் இல்லை. கரைதான் உங்கள் மேப். மாமல்லபுரத்துக் கோயில்களை மாலுமிகள் 'ஏழு பகோடா' என்று அழைத்தது அவர்களுக்குக் கலை ரசனை பொங்கியதால் இல்லை, தட்டையான கரையில் தூரத்திலிருந்து அடையாளம் சொல்ல அது உதவியது. வடக்கே போனால் பூரி ஜகந்நாதர் கோயில் 'வெள்ளை பகோடா', கோனார்க் 'கறுப்பு பகோடா'. வெள்ளை வந்தாச்சா, அடுத்தது கறுப்பு. கறுப்பு தாண்டியாச்சா, இனி பனைமர முனை. பால்மைராஸ் முனை என்று அதற்குப் பேர், பனைமரம் நிறைந்த முனை என்பதால். அங்கிருந்து திரும்பினால் ஹூக்ளியின் வாய்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பனைமர முனைக்குத் தெற்கே அதே மாதிரி தெரிகிற இன்னொரு முனை. அதைப் பனைமர முனை என்று நினைத்துத் திரும்பிய கப்பல்கள் மாட்டிக்கொண்டன. கடைசியில் அந்த இடத்துக்கே 'ஃபால்ஸ் பாயின்ட்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பொய் முனை. பிறகு 1838-ல் அங்கே ஒரு கலங்கரை விளக்கமும் கட்டினார்கள். எனக்கு இந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும். ஒரு இடம் வேறொரு இடமாக இல்லாமல் போனதற்காகவே பெயர் வாங்கியிருக்கிறது.

வாயை அடைந்ததும் பைலட் ஏறுவார். 'சாண்ட்ஹெட்ஸ்' என்ற கடல் பகுதியில் பைலட்டுகளின் கப்பல் காத்துக்கொண்டு நிற்கும். அங்கிருந்து கல்கத்தா வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல். உலகத்திலேயே நீளமான பைலட் வழிகளில் ஒன்று. சென்னையிலிருந்து ஒடுகத்தூரைத் தாண்டி வாணியம்பாடி வரைக்கும் போகிற தூரம், மணல்திட்டுகளுக்கு நடுவே.

ஒரு பைலட் எப்படி வழி கண்டுபிடித்தார்? இங்கேதான் நான் மெதுவாகப் போகப் போகிறேன். இந்த எபிசோடு செய்யலாம் என்று தோன்றியதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஒரு மரத்தைப் பார்த்து நேராக ஓட்டினால் போதும் என்று நினைப்போம். போதாது. ஆறு பக்கவாட்டில் தள்ளும். மூக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் கப்பல் வளைந்து வளைந்து திட்டுக்கு மேலே போய்விடும். மரம் கடைசி வரை எதிரேதான் நிற்கும். ஒரு குறி உங்களிடம் பொய் சொல்லாது, ஆனால் உண்மையையும் முழுசாகச் சொல்லாது.

அதனால் இரண்டு குறி. முன்னால் குட்டையாக ஒன்று, அதற்குப் பின்னால் தள்ளி உயரமாக ஒன்று. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தால் நீங்கள் கோட்டின் மேல் இருக்கிறீர்கள். பின்னால் இருக்கிற குறி இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் நீங்கள் இடப்பக்கம் நகர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே வலப்பக்கம் திருப்பு. வீட்டிலேயே செய்து பாருங்க. ஜன்னல் கம்பி ஒன்றையும் வெளியே இருக்கிற செல்போன் டவரையும் ஒரு கோட்டில் வைத்துவிட்டு, தலையை ஒரு அங்குலம் நகர்த்துங்க. டவர் தாவும். அந்தத் தாவல்தான் பைலட்டின் படிப்பு. ஹூக்ளிக் கரையில் இதற்கென்றே கம்பங்களை நட்டு 'டிராக் மார்க்' என்றார்கள். கம்பம் வருவதற்கு முன்னால் மரமும் கோயிலும் வீடும் அந்த வேலையைச் செய்தன.

நம்ம கடற்கரைக்கு இது புதுசே இல்லை. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பார்களை, அதாவது மீன் சேரும் பாறைப் பகுதிகளை, இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். சர்ச் கோபுரமும் பின்னால் இருக்கிற மலையும் ஒரு கோடு. வேறு திசையில் ஒரு தென்னந்தோப்பும் கட்டடமும் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை. அதற்குக் கணிச்சம் என்று பேர். அப்பன் பிள்ளைக்குச் சொல்வது, பக்கத்துப் படகுக்குச் சொல்லாதது.

கோடு மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். அதற்கு ஈயக்குண்டு. கயிற்றில் கட்டிய குண்டை முன்னால் வீசி, அது தரை தொட்டதும் கயிற்றில் இருக்கிற முடிச்சைப் பார்த்து ஆழத்தைக் கத்திச் சொல்வார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பு தடவியிருக்கும். மேலே வரும்போது தரையின் மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு வரும். ஆழம் பொய் சொன்னாலும் மண் இடத்தைச் சொல்லிவிடும். அளவு என்ன தெரியுமா? ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். ஆங்கிலேயனுக்கு ஃபேதம், வங்காளக் கலாசிக்கு பாம், நம்ம மீனவருக்கு பாகம். மார்க் ட்வைன் என்ற எழுத்தாளரின் பெயரே இரண்டு ஃபேதம் என்பதுதான். அவர் மிசிசிப்பியில் பைலட்டாக இருந்தவர், அங்கே ஈயக்குண்டு போடுகிறவன் கத்துகிற குரலைத் தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1896-ல் அவர் கல்கத்தாவுக்கும் வந்து போனார்.

மூன்றாவது, நேரம். திட்டின் மேல் எப்போதும் போகிற அளவுக்குத் தண்ணீர் இருக்காது. ஏற்றத்தில் மட்டும்தான் கடக்க முடியும். அந்த ஏற்றமும் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு திட்டில் தவறவிட்டால் நங்கூரம் போட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திரு. ஆற்றோரம் கோபுரங்களை வைத்து, இந்தத் திட்டின் மேல் இப்போது எவ்வளவு தண்ணீர் என்று கைகாட்டி மாதிரி சைகை காட்டினார்கள்.

இதெல்லாம் ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும் என்றால் பைலட்டுக்கு மரியாதை வந்திருக்காது. ஹூக்ளியின் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் கப்பல் போன வழி இந்த மாதம் திட்டு. கரையில் நிற்கிற குறி அப்படியே நிற்கும், அது காட்டுகிற கோட்டில் மட்டும் ஆழம் இருக்காது. அதனால் அளந்து அளந்து குறிகளையே பிடுங்கி நட வேண்டும். ஆற்றைத் தினமும் பார்க்காதவனுக்குப் பழைய அனுபவமே எமன்.

அதற்குப் பேர்போன ஓர் இடம் உண்டு. தாமோதர் ஆறு வந்து சேருகிற இடத்துக்கும் ரூப்நாராயண் ஆறு வந்து சேருகிற இடத்துக்கும் நடுவே இருக்கிற மணல்திட்டு. பேர், 'ஜேம்ஸ் அண்ட் மேரி'. ஏதோ காதல் ஜோடி மாதிரி இருக்கில்ல? சிலர் இது வங்காளத்து 'ஜல்மாரி', தண்ணீர்ச் சாவு என்பதன் திரிபு என்று விளக்கம் கொடுத்தார்கள். கேட்க நல்லா இருக்கும். ஆனால் விஷயம் நேரானது. 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பல் 1694 செப்டம்பர் 24-ம் தேதி அங்கே மணலில் ஏறி, கவிழ்ந்து, முதுகு உடைந்து போனது. நாலைந்து பேர் செத்தார்கள். கப்பலில் சுமத்ராவிலிருந்து மிளகு, அதோடு மதராஸில் ஏற்றிய சிவப்பு மரம்.

அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதராஸிலிருந்து அந்தக் காலத்தில் போன சிவப்பு மரம் என்றால் அது செம்மரமாகத்தான் இருக்க வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் விளைகிற மரம். செம்மரக் கடத்தல் செய்தி வராத வாரம் எங்க பக்கத்தில் இல்லை. எங்க பக்கத்து மலைகளின் மரம் 300 வருஷத்துக்கு முன்னால் ஹூக்ளியின் அடியில் போய்ப் படுத்திருக்கிறது.

அங்கே கப்பல் ஏன் கவிழ்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகத் தரை தட்டினால் கப்பல் நிற்கும், அடுத்த ஏற்றத்தில் மிதக்கும். இங்கே அடி மணலில் பிடித்துக்கொள்ளும், நீரோட்டம் பக்கத்திலிருந்து தள்ளும், கப்பல் உருண்டுவிடும். 1877-ல் 'கவுண்டி ஆஃப் ஸ்டெர்லிங்' என்ற கப்பல் அந்தப் பகுதியில் தட்டி, எட்டு நிமிடத்தில் புரண்டு காணாமல் போனது. எட்டு நிமிடம். நம்ம எபிசோடு ஆரம்பித்து எட்டு நிமிடத்தில் நான் வணக்கம் சொல்லி, டீ குடித்த கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு நேரம் கம்பெனி பைலட்டுகளைப் பற்றிப் பேசினேன். அவர்களுடைய பேர் பதிவில் இருக்கிறது. ஜார்ஜ் ஹெரோன் என்ற பைலட் 1600களின் கடைசியில் எழுதிய வழிக்குறிப்புகள்கூட இருக்கின்றன. பதின்ம வயதில் சேர்ந்து பல வருஷம் ஈயக்குண்டு வீசிக் கற்றுக்கொண்டவர்கள், அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அளக்க வந்தவர்களுக்கு முதலில் இந்த ஆற்றைக் காட்டியது யார்? அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஹூக்ளியில் படகு ஓடிக்கொண்டுதானே இருந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற மிகப் பழைய ஆவணம் வேறொரு ஆற்றைப் பற்றியது. பொது ஆண்டு முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து வந்து போன கிரேக்க மொழி பேசும் ஒரு வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்'. நம்ம முசிறியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருமே, அதே புத்தகம். அதில் குஜராத்தின் பரூச் துறைமுகத்தைப் பற்றி அவர் விரிவாக, கொஞ்சம் நடுங்கியே எழுதுகிறார். நர்மதையின் வாய். கரை தாழ்வாக இருப்பதால் பக்கத்தில் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் திட்டுகளால் உள்ளே நுழைய முடியாது. அதனால் அரசனின் சேவையில் இருக்கிற உள்ளூர் மீனவர்கள் திரப்பகா, கொட்டிம்பா என்ற பெரிய படகுகளில் சௌராஷ்டிரக் கரை வரைக்கும் எதிரே வந்து, கப்பலைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். ஏற்றம் தொடங்கும்போது இழுத்துக்கொண்டு போவார்கள். வற்றும்போது ஆற்றில் ஆழமான குழிகளாக இருக்கிற இடங்களில் நிறுத்திவைப்பார்கள். ஏற்றம் இரைச்சலோடு பாய்ந்து வருவதையும் அவர் எழுதியிருக்கிறார். ஹூக்ளியின் பானைப் பற்றிப் படிக்கிற மாதிரியே இருக்கும்.

அந்தப் படகுகளின் பேர் நமக்குக் கிடைத்திருக்கிறது. மீனவர்களில் ஒருவருடைய பேர்கூட இல்லை.

புறநானூற்றின் 30-ம் பாட்டில் ஒரு காட்சி உண்டு. பெரிய கப்பல் பாயை இறக்காமல், பாரத்தையும் குறைக்காமல், அப்படியே காவிரிப்பூம்பட்டினத்துக்குள் நுழைகிறது. பொதுவாக இதைச் சோழர் துறைமுகத்தின் பெருமையாகப் படிப்போம். எனக்கு இப்போதெல்லாம் அதைப் படித்தால் முன்னால் போகிற ஒரு சின்னப் படகுதான் ஞாபகம் வருகிறது. பாட்டில் அந்தப் படகு இல்லை. ஆனால் காவிரி வாயில் மணலைத் தினமும் பார்த்து வைத்திருந்த எவரும் இல்லாமல், முழுப் பாயில், முழுப் பாரத்தில் எந்த மாலுமி உள்ளே வருவான்?

ஹூக்ளியிலும் இதே கதைதான். பைலட் சர்வீஸ் அதன் வாழ்நாளின் பெரும்பகுதி ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கையில் இருந்தது. கூடவே ஈயக்குண்டு வீசிய, படகு தள்ளிய, நங்கூரம் இழுத்த மாஞ்சிகளும் கலாசிகளும் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும்தான். அவர்களுடைய குரலை எழுத்தில் காப்பாற்றி வைத்தவர் ஒரு கதாசிரியர். தாகூரின் 'சுட்டி' என்று ஒரு சிறுகதை. வங்காளத்தில் சுட்டி என்றால் விடுமுறை. கிராமத்துப் பையன் ஃபட்டிக், கல்கத்தாவில் மாமா வீட்டில் படிக்க வருகிறான். யாருக்கும் வேண்டாதவனாகி, அம்மாவிடம் போக ஏங்கி, காய்ச்சலில் விழுகிறான். ஜுரத்தில் அவன் உளறுவது என்ன என்று பார்த்தால், ஊரிலிருந்து ஸ்டீமரில் வந்தபோது கலாசிகள் கயிறு விட்டு ஆழம் அளந்து ராகமாகக் கத்திய அந்தக் குரல். கயிறு போய்க்கொண்டே இருக்கிறது, தரை தட்டவில்லை. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ரெண்டு நாள் கழித்துத்தான் முடித்தேன்.

வங்காள பைலட் சர்வீஸ் 1948-ல் முடிவுக்கு வந்தது, பைலட்டுகள் கல்கத்தா துறைமுகத்தின் கீழே போனார்கள். சேறு மட்டும் நிற்கவில்லை. ஆற்றை அலசிவிட 1975-ல் ஃபராக்கா அணை, பெரிய கப்பலுக்காகக் கீழே ஹால்டியாவில் துறைமுகம் என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இன்றைக்கு ஜிபிஎஸ் இருக்கிறது, எலெக்ட்ரானிக் சார்ட் இருக்கிறது. ஆனாலும் பைலட் இல்லாமல் கப்பல் உள்ளே போகாது, தரையை அளப்பதும் நிற்காது. பாபுகாட்டிலிருந்து ஹவுராவுக்கு நாங்கள் போன லாஞ்சை ஓட்டிய சாரெங் எந்தத் திரையையும் பார்க்கவில்லை. அக்கரையில் ஒரு புகைபோக்கி, அதற்குப் பின்னால் ஒரு கட்டடம், கண் அதிலேயே இருந்தது. அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். தாடையால் காட்டிவிட்டுப் பேசாமல் திருப்பினார். நம்ம பக்கம் அவரைச் சிராங்கு என்போம். வார்த்தைகூட ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் எடுத்துக்கொண்டு பாலாறு கடலில் சேருகிற இடத்துக்குப் போனேன். கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர். எங்க ஊர் மணல் முடிகிற இடம். வாய் மணலால் அடைபட்டிருந்தது, உள்ளே உப்பங்கழி மாதிரி தண்ணீர். அந்தக் கரையில் வசவசமுத்திரம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1970-ஐ ஒட்டி நம்ம மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ரோமானிய ஆம்ஃபோரா சாடித் துண்டுகள் கிடைத்தன. அதாவது பெரிப்ளஸ் காலத்தை ஒட்டி இந்த வாயிலும் சரக்கு இறங்கியிருக்கிறது. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, இரவில் விளக்கேற்றிக் கப்பலைக் கூப்பிடும் உயர்ந்த மாடம் ஒன்றை நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் காட்டுகிறது. அது மாமல்லபுரமா, பாலாற்று முகமா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதுவானாலும் இந்தக் கரையில் வழி காட்ட ஆள் இருந்திருக்கிறார்கள், ஆற்றிலும் அதற்குத் தகுந்த தண்ணீர் இருந்திருக்கிறது.

இனி ஆனைக்கல்.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும், நியூஸில் எல்லாம் வந்தது. உத்திர காவிரியிலும் வந்தது. மழை குறைந்து ரெண்டு நாள் கழித்து, சித்தப்பா அக்கரை நிலத்தில் கட்டியிருந்த மாட்டைப் பார்க்கக் கிளம்பினார். ஆனைக்கல்லைப் பார்த்தார். தோள் காய்ந்திருந்தது. தாத்தா கணக்குப்படி இடுப்பளவு. டிவிஎஸ் எக்ஸெல்லைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்.

நடுவில் காலடியில் ஒன்றும் இல்லை. தாத்தா காலத்துக்கும் இப்போதைக்கும் நடுவே அங்கே வருஷக்கணக்கில் மணல் அள்ளியிருந்தார்கள். கல் கரையில் இருந்ததால் அது அப்படியே நின்றது, ஆற்றின் தரை மட்டும் ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே போயிருந்தது. வெளியூர்க்காரர் என்றால் பயந்து நின்றிருப்பார். இவருக்கு அந்தக் கல்லைத் தெரியும், அதனால் நிற்கவில்லை. வண்டி போய்விட்டது. அவர் அரை ஃபர்லாங் அடித்துக்கொண்டு போய் ஒரு சீமைக்கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க முள். ஊர்ப் பையன்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். வேலூரில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

நான் போய்ப் பார்த்தபோது பாபுகாட்டைப் பற்றியோ ஹூக்ளியைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. "கல்லு அதே இடத்துலதான்டா இருந்துச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

போன வருஷ மழைக்கு ஊரில் இருந்தேன். ஆற்றில் தண்ணீர். சித்தப்பா கரையில் நின்றுகொண்டிருந்தார், கையில் அவரைவிட உயரமாக ஒரு மூங்கில் கழி. ஆனைக்கல் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கழியை முன்னால் ஊன்றிப் பார்த்து, கரையில் நின்ற எங்களுக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே போனார்: "கணுக்கால்... முட்டி... முட்டி... தொடை..." அப்புறம் நின்றார். கழியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது. அப்படியே திரும்பி வந்து, கழியைக் கரையில் நட்டுவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம் வா" என்றார்.